பிரிக்காத பக்கங்கள்

எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் காலையில் அவர் அங்கே போய் நிற்பார். அது அவருடைய வேலை. இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்த கடைக்குள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நுழைவார். நனைந்த துணி மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்ப்பார். கவிழ்ந்த லாரியைச் சுற்றி நடந்து, குனிந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுவார். பொருளுக்குச் சொந்தக்காரர் தலையில் கைவைத்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். இவர் அந்த முகத்தைப் பார்க்க மாட்டார். பொருளைத்தான் பார்ப்பார். எது போயிற்று, எது மிஞ்சியது. மிஞ்சியதற்கு அந்தத் தொழிலில் சால்வேஜ் என்று பெயர்.

"எல்லாம் போச்சுன்னு சொல்லாதீங்க. எதிலயும் கொஞ்சம் சால்வேஜ் இருக்கும்" என்பார்.

ஆறுதலாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். மிஞ்சியதன் மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் கம்பெனி பணம் தரும் என்பது பிறகுதான் அவர்களுக்கு உறைக்கும்.

தெருவில் அவருக்குச் சேதம் என்று பெயர். "சேதம் சார் இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பிட்டார், எங்கயோ பத்திக்கிச்சு போல" என்று எதிர்வீட்டில் பேசிக்கொள்வது அவர் காதிலேயே விழுந்திருக்கிறது. கோபித்துக்கொண்டதில்லை. நாளெல்லாம் கரியையும் ஈரத்தையும் பார்த்துவிட்டு வீடு திரும்பும் மனிதருக்கு, கோபத்தைவிடக் குளியல்தான் முதலில் தேவைப்பட்டது. குளித்து, கையை இரண்டாம் முறை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, முன்னறைக் கண்ணாடி அலமாரியைத் திறப்பார். அதன் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்தான்.

உள்ளே இருந்தவை எல்லாம் சிறுகதைப் புத்தகங்கள். பல நாடுகளின் பழைய கதைகளை மொழிபெயர்த்து, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் ஒரு பதிப்பகம் அச்சிட்டுக் கொடுத்த வரிசை. ஆட்டுத் தோல் அட்டை, உலர்ந்த ரத்தத்தின் நிறம். முதுகில் பொன்னெழுத்து. அடையாளத்துக்குப் பட்டு நாடா. தாளின் கீழ்ப்புறம் நான்கு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளைதான் உயர்ந்த பதிப்பின் லட்சணம் என்பார். மட்டமான புத்தகத்தில் தாளை மிச்சம் பிடிப்பதற்காக எழுத்தை விளிம்புவரை நெருக்கியிருப்பார்கள்.

இன்னொரு லட்சணமும் அந்தப் புத்தகங்களுக்கு உண்டு. ஒரு பெரிய தாளில் பல பக்கங்களை அச்சிட்டு, மடித்து, தைத்து, அட்டை போடுவார்கள். மடித்த ஓரங்களைக் கட்டுகிறவரே வெட்டிவிடுவதுதான் வழக்கம். இந்த வரிசையில் வெட்டவில்லை. பழைய காலத்து முறைப்படி அப்படியே விட்டுவிட்டார்கள். வாங்கியவர் பேப்பர் கத்தியால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே படிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் சில பக்கங்கள் தெரியும், சில பக்கங்கள் மடிப்புக்குள் மூடியே இருக்கும்.

சர்வேயர் பிரிக்கவில்லை. யார் கையும் படாத புத்தகம் உலகத்தில் எத்தனை இருக்கும்? அதைப் போய் யாராவது கத்தியால் கீறுவார்களா?

"அப்பா புத்தகம் சேர்க்கலம்மா, அட்டை சேர்க்கிறார்" என்பாள் மகள்.

அப்படியும் சொல்ல முடியாது. மடிப்புக்கு வெளியே தெரிந்த பக்கங்களை அவர் பலமுறை படித்திருந்தார். ஒவ்வொரு கதையிலும் இங்கொரு பக்கம், அங்கொரு பக்கம். அவற்றின் நடை அவருக்கு மனப்பாடம். நடுவில் என்ன நடந்தது என்பதை ஊகித்துக்கொள்வார். தொழிலில் செய்வதும் அதுதானே, மிஞ்சியதை வைத்து இருந்ததைக் கணிப்பது.

வெட்டுப்பட்டது ஒரே ஒரு புத்தகம். வெட்டியது மனைவி.

கல்யாணமான புதிது. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊராரின் பேச்சை இணைத்து விடுகிற வேலை. இணைத்ததும் விலகிவிட வேண்டும், ஒட்டுக் கேட்கக் கூடாது. ஆனாலும் முதல் இரண்டு வார்த்தை காதில் விழாமல் இருக்குமா? 'நான் சொல்றதப் பதறாம கேளு' என்று ஒருவர் தொடங்குவார், இவள் விலகிவிடுவாள். என்ன சொன்னார், பதறினார்களா இல்லையா, ஒன்றும் தெரியாது. "ஆரம்பம் மட்டும் கேட்டுக் கேட்டே என் மண்டை வீங்கிப் போச்சு" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் தனியாக இருந்தாள். அப்போது அலமாரிக்குப் பூட்டு கிடையாது. ஒரு தொகுதியை எடுத்துப் புரட்டினாள். எழுதியவர் பெயர் தெரியாத ஒரு பழங்கதையில் கண் நின்றது. அண்ணன், தம்பி. வீட்டைப் பங்கு பிரிப்பதில் சண்டை. பீரோச் சாவி கிணற்றில் விழுந்துவிடுகிறது, அல்லது யாரோ போட்டுவிடுகிறார்கள். கிணற்றில் தண்ணீர் குறைவு. தம்பி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். கயிற்றின் மறுமுனை அண்ணன் கையில். மடிப்பு குறுக்கே வந்தபோதெல்லாம் அவள் காய் நறுக்கும் கத்தியால் கீறிக்கொண்டே போனாள். ஒரு வலப்பக்கத்தின் கடைசி வரியில், கிணற்றுக்குள்ளிருந்து தம்பியின் குரல் வருகிறது: 'அண்ணா, இழு.'

அடுத்த பக்கம் மடிப்புக்குள் இருந்தது. கத்தியை எடுக்கவும் அவர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்திவிட்டு மறந்திருப்பாள். புத்தகத்தைக் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். வெட்டின ஓரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கடைசியில், எரிந்த கடையில் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"பாதி போச்சு. மீதி சால்வேஜ்."

மறுநாள் அலமாரிக்குப் பூட்டு வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேச்சு திரும்பியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "இழுத்தானா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க" என்பது. அவர் சிரித்துவிட்டார். ஆனால் சாவியை எடுக்கவில்லை. அவளும் அதற்குமேல் கெஞ்சுகிற ஜாதி இல்லை. "நீங்களா ஒரு நாள் வெட்டித் தருவீங்க. அன்னைக்குப் படிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அது வீட்டுக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. குழாயில் தண்ணீர் வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கும்போது "இழுத்தானா?" என்பாள். மகளின் பரீட்சை முடிவு வர வேண்டிய நாளில், வாடகைக்கு வீடு பார்த்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தபோது, அவருடைய பதவி உயர்வு இதோ அதோ என்று இழுபட்டபோது, எதற்கும் அதே கேள்விதான். பேசப் பழகிய மகளும் அர்த்தம் தெரியாமலே "அப்பா, இத்தானா?" என்று கேட்டாள்.

இந்தப் புத்தகப் பித்து பிடித்த இன்னொருவர் ஊரில் இருந்தார். கண்ணாடிக் கடைக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை, பின்னால் கண் பரிசோதிக்கும் இருட்டறை, அதற்கும் பின்னால் புத்தக அறை. அவரிடமும் அதே வரிசை இருந்தது. ஒரு மடிப்பும் பிரியாமல், முழுசாக. மாதத்துக்கு ஒருமுறை சர்வேயர் அங்கே போவார். இருவரும் கையுறை போட்டுக்கொண்டு ஒருவர் புத்தகத்தை மற்றவர் தடவிப் பார்ப்பார்கள். கதை பேசினார்களா என்றால், இல்லை. தோல், நூல், பசை, பூச்சி. இதே பேச்சு.

"அக்கா வெட்டின தொகுதி எப்படி இருக்கு சார்?" என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும், உடம்பு சரியில்லாத குழந்தையை விசாரிப்பதுபோல விசாரிப்பார்.

"இருக்கு. மீதியக் காப்பாத்திட்டு வர்றேன்."

சர்வேயர் ஓய்வு பெற்றார். அவளும் பெற்றாள். மகளுக்கு வேறு ஊரில் குடும்பம் என்று ஆனது. பதிப்பகம் மூடப்பட்டு, அந்தக் கட்டடத்தில் துணிக்கடை வந்தது. பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, ஒன்றும் செய்யாமலே தைத்து அனுப்பிவிட்டார்கள். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோது அவர் வழக்கம்போல எது போயிற்று, எது மிஞ்சியது என்று கேட்டுக்கொண்டார். மிஞ்சியது அதிகமில்லை. வலிக்கு மாத்திரை, பிறகு ஊசி, பிறகு இன்னும் பெரிய ஊசி.

முன்னறையில் அலமாரிக்கு எதிரே கட்டிலைப் போட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் நன்றாக வரும் என்பதற்காக. அவளை எழுப்பித் தலையணையில் சாய்ப்பதும் துடைப்பதும் உடை மாற்றுவதும் எல்லாம் அவரே. குறை சொல்ல முடியாது. காய்ச்சலில் உதடு வெடித்தபோது பஞ்சைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வைத்தார். அவளுக்கு எடை குறையக் குறைய, தூக்கும்போது அவர் கைகள் பழக்கத்தில் அதிக பலத்தோடு எழும்பிவிடும்.

"மெதுவா. பறந்துரப் போறேன்" என்பாள்.

ஒரு காலை, ஊசி போட்டு வலி அடங்கியிருந்த நேரம், அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க. அது மட்டும் பாக்கி."

எது என்று அவர் கேட்கவில்லை.

"வேற காப்பி கிடைக்குதான்னு பார்க்கறேன்" என்றார்.

பார்க்கவும் செய்தார். நூலகத்தில் அந்த வரிசையே இல்லை. சந்தாதாரருக்கு மட்டும் போட்ட பதிப்பு. மகள் போனில் தேடினாள். எழுதியவர் பெயரில்லாத கதையை எதை வைத்துத் தேடுவது? அண்ணன், தம்பி, கிணறு என்று போட்டதில் தினசரிகளின் கொலைச் செய்திகள்தான் வரிசையாக வந்தன.

கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவரிடம் போய் மடிப்பைப் பிரிக்கச் சொல்வதா? தன்னால் முடியாததை எந்த வாயால் கேட்பது?

"வெட்ட வேண்டாம். அடியில ரெண்டு தாளையும் கொஞ்சம் விலக்கி உள்ள எட்டிப் பாருங்களேன்" என்று அவளே வழி சொன்னாள். மடிப்பு மேலேயும் பக்கத்திலேயும்தான். கீழ்ப்புறம் திறந்துதான் இருக்கும்.

சாவியை எடுத்தார். புத்தகத்தைக் கொண்டுவந்து, 'அண்ணா, இழு' என்று முடிகிற பக்கத்தைப் புரட்டினார். மூடிய தாளின் அடிப்புறத்தை ஒரு விரல் அளவுக்கு விலக்கினார். அதற்குமேல் விலக்கினால் முதுகு நெரியும். கண்ணைக் கிட்டே கொண்டுபோனார்.

"என்ன தெரியுது?"

"வெள்ளையாத்தான் தெரியுது. கீழ் மார்ஜின். எழுத்து அதுக்கு மேல இருக்கும்."

"உங்க நாலு விரல் வெள்ளை" என்று அவள் சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரி, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

அவர் யோசித்தார். "அண்ணன் இழுக்கறான். தம்பி மேல வந்துடறான். சாவி கிடைச்சுடுது. ரெண்டு பேரும் வீட்டைச் சரிபாதியா..."

"இது கதையா, உங்க ஆபீஸ் ரிப்போர்ட்டா?"

"ஏன், நல்லாத்தானே முடியுது?"

"நல்லா முடியற கதைக்கு எதுக்குங்க அவ்வளவு நேரம் கிணத்துக்குள்ள இறக்கணும்?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வெட்டுங்க. நீங்க வெட்டிப் படிங்க, நான் கேக்கறேன். எனக்கு இனிமே இதெல்லாம் தள்ளிப்போட முடியாது."

அவர் எழுந்துபோய்ப் பேப்பர் கத்தியைக் கொண்டுவந்தார். தந்த நிறக் கைப்பிடி. வாங்கிய நாளிலிருந்து உறையில் கிடந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலின் மேல் துண்டை விரித்து, புத்தகத்தை வைத்து, கத்தி முனையை மடிப்புக்குள் விட்டார். அவள் தலையைத் திருப்பிக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டே போனார். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பி அடங்கும் வரை கத்தி அங்கேயே இருந்தது.

"கை நடுங்குது. கோணலாப் போயிடும். நாளைக்குக் காலையில வெளிச்சத்துல செய்றேன்" என்றார்.

ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அந்த வெயிலைப் பார்த்தாள். அவருடைய கையைப் பார்த்தாள். அது நடுங்கவில்லை.

"விடுங்க" என்றாள். "அவன் இழுக்கலன்னு வச்சுக்கறேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தார். குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் புத்தகத்தை உள்ளே வைத்துப் பூட்டினார்.

மறுநாள் அவளுக்குப் பேச்சு குழறியது. பெரிய ஊசியில் பெரும்பாலும் தூக்கம். அவர் இரண்டு முறை புத்தகத்தை எடுத்து, அவள் கண் திறந்தால் வெட்டலாம் என்று பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்க ஆள் இல்லாமல் எதற்கு வெட்டுவது? கண் திறந்தாள். ஆனால் கண்ணில் அவர் இல்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது மகள், தாயின் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கடைசியில அம்மாவுக்கு அத சொன்னீங்களாப்பா? இழுத்தானா இல்லையான்னு?"

அவர் அலமாரியைப் பார்த்தார். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடுங்கப்பா" என்றாள். அதே சொல்.

அவள் போன ஆட்டோவின் சத்தம் அடங்கியதும் அவர் அலமாரியைத் திறந்தார். துண்டை விரிக்கவில்லை. கையைக் கழுவவில்லை. நின்றபடியே கத்தியை மடிப்புக்குள் விட்டு இழுத்தார். நேர்கோடாக, பிசிரே இல்லாமல் வந்தது. அவ்வளவு சுலபம் அது.

உள்ளே இரண்டு பக்கமும் வெள்ளை.

அது மார்ஜின் இல்லை. மேலிருந்து கீழ்வரை வெறும் தாள். பக்க எண்கூட இல்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மறுபக்கத்து எழுத்து நிழலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தாளைத் திருப்பினால் வேறொரு கதையின் தலைப்பு. அதையும் தாண்டி அதே பெரிய தாளில் வந்த மடிப்புகளை எல்லாம் கிழித்தார். ஒன்றில் எழுத்து, அடுத்ததில் வெள்ளை, மறுபடி எழுத்து. அவருக்குப் புரிந்துவிட்டது. அச்சகங்களிலும் அவர் சேதம் பார்க்கப் போனதுண்டு. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு மிஷினுக்குள் போனால் ஒரு தாளில் ஒரு புறம் மை விழாது. மடித்துத் தைக்கிறவர் கண்ணுக்கு வெள்ளை தெரியாது, அது மடிப்புக்குள் போய்விடும். வெட்டிப் படிப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

கடைசித் தாளில் பதிப்பகத்தார் சிறிய எழுத்தில் போட்டிருந்ததை அவர் எத்தனையோ முறை படித்திருக்கிறார். அச்சில் குறை இருந்தால் புத்தகத்தைத் திருப்பி அனுப்பி நல்ல பிரதி பெற்றுக்கொள்ளலாம். அன்று காய்கறிக் கத்தியோடு உட்கார்ந்திருந்தவளை இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால், அடுத்த மாதமே நல்ல பிரதி வந்திருக்கும். பதிப்பகம் அதன் பிறகு பல வருஷம் இருந்தது.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பின்னறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். சர்வேயர் விஷயத்தைச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், வெயிலையும் நடுங்காத கையையும் தவிர.

"அடப்பாவமே" என்றார் கடைக்காரர். பிறகு, தன்னையறியாமல், "ஒருபுறம் அச்சாகாத பிரதி. வெட்டாம இருந்திருந்தா அது அபூர்வம் சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்க தொகுதியில அந்த ஒரு மடிப்பு..."

கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"அக்கா இருக்கறப்ப ஒரு போன் போட்டிருக்கலாம்ல? வெட்டிக் குடுத்திருப்பேன். சத்தியமா. இப்ப வெட்டி யாருக்கு சார்?"

சொன்னது நிஜமா என்று சர்வேயருக்குத் தெரியவில்லை. கடைக்காரருக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான். கேட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"வெட்ட வேண்டாம். அடியில எட்டிப் பார்க்கறேன்."

அதற்குக் கடைக்காரர் சம்மதித்தார். சம்மதித்ததோடு இல்லாமல், கண் பரிசோதிக்கும் மெல்லிய டார்ச்சைக் கொண்டுவந்தார். இருவரும் கையுறை போட்டுக்கொண்டார்கள். கடைக்காரர் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாளை விலக்கினார். சர்வேயர் தரையில் முட்டிபோட்டு, ஒரு கண்ணை மூடி, கீழிருந்து வெளிச்சத்தை உள்ளே விட்டார்.

நான்கு விரல் வெள்ளை. அதற்கு மேலே, இடப்பக்கத்தில், வளைந்து மங்கலாக எழுத்து. வலப்பக்கத்தில் எட்டிய வரை எதுவுமில்லை. கதை அந்தப் பக்கத்தின் மேல்பாதியிலேயே முடிந்துவிடுகிறது போலும்.

"இன்னும் கொஞ்சம் விலக்குங்க."

"பார்த்து சார். நெரியுது."

கடைசி வரி வளைவிலிருந்து நழுவி வெளிச்சத்துக்கு வந்தது. 'அண்ணன் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். கயிறு'. அதோடு பக்கம் முடிந்தது. மீதி வாக்கியம் வலப்பக்கத்தின் உச்சியில், எந்த வெளிச்சமும் போகாத இடத்தில் இருந்தது.

அவர் அங்கேயே முட்டிபோட்டுக்கொண்டிருந்தார். பேப்பர் கத்தி அவர் சட்டைப் பையில்தான், சாவியோடு இருந்தது. கடைக்காரர் புத்தகத்தை மூடி, தோலை ஒருமுறை தடவிக்கொடுத்து, உள்ளே வைத்துவிட்டு வந்து அவருக்குக் கைகொடுத்துத் தூக்கினார்.

"தெரிஞ்சுதா சார்?"

"தெரிஞ்சுது."

சாயங்காலம் மகள் போன் செய்தாள். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்டாள். வேலைக்காரம்மா வந்தாங்களா என்று கேட்டாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே அலமாரி திறந்தே கிடந்தது.

"அது வந்து... இழுத்தான்மா" என்றார்.

"எதுப்பா?" என்று கேட்டவள் உடனே புரிந்துகொண்டாள். "தம்பி மேல வந்தானா?"

"அது தெரியல. கயிறு வரைக்கும்தான் படிக்க முடிஞ்சுது."